அப்பாவின் துவக்கு யாருக்குச் சொந்தம்?

டிசம்பர் 31 நெருங்கும்போது துவக்கைப் பற்றிய கடிதங்கள் எங்களுக்குக் கூடுதலாக வருகின்றன. திரியாய்ப் பக்கத்து வயல்காரர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: அப்பா காலமாகிவிட்டார், பன்றி விரட்ட அவர் வைத்திருந்த துவக்கை என் பெயருக்கு மாற்ற எவ்வளவு வரி?

சிக்கல் பணத்தில் இல்லை. காணியைப் போல, மாட்டைப் போல துவக்கு தானாகப் பிள்ளைக்கு வந்து சேராது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி உரிமம் ஆளுக்குக் கொடுக்கப்படுவது. ஆள் போனால் உரிமமும் போய்விடும். துவக்கு மட்டும் வீட்டுக்குள் குற்றப் பொருளாக மிஞ்சும்.

‘புதுப்பித்தல்’ என்று அதிகாரிகள் சொல்லும் சொல்லையும் நம்பிவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 நள்ளிரவோடு உரிமம் செத்துப்போகிறது. அதுவும் எந்த நேரத்தில்? பெரும்போக நெல் வயலில் நிற்கும்போது, காட்டுப்பன்றி இறங்கும்போது. பயிர்க்காவல் துவக்குக்கு அனுமதி தருபவர் மாவட்டச் செயலாளர். திரியாயிலிருந்து திருகோணமலைக் கச்சேரிக்குச் சுமார் 45 கிலோமீற்றர். 1985இல் போரால் இடம்பெயர்ந்த திரியாய்க் குடும்பங்கள் பழைய கடதாசிகளைக் காப்பாற்றிக்கொண்டா ஓடின? கிராம சேவகர், பொலிஸ், கச்சேரி என்று அலைவதில் இழக்கும் நாட்கூலி எந்தக் கட்டணப் பட்டியலிலும் இல்லை. பெயர் மாற்றத்தின் உண்மையான விலை அதுதான்.

துவக்கு கைமாறுவதைக் கட்டுப்படுத்த அமெரிக்கா வேறொரு பூட்டுப் போட்டது. 1934இல் இயந்திரத் துப்பாக்கிக்கும் சைலன்சருக்கும் கைமாற்று வரி 200 டொலர் என்று வைத்தார்கள். அன்றைக்கு அது ஏறத்தாழ ஒரு தொம்சன் துப்பாக்கியின் விலை. வரி என்பது பெயர்தான், நோக்கம் வாங்கவிடாமல் தடுப்பது. 1937இல் உச்ச நீதிமன்றமும், அதே சட்டம் துவக்கு வணிகருக்கு விதித்த ஆண்டு வரியை வரியென்றே ஏற்றது. பிறகு அந்தக் கைமாற்று வரித் தொகையை யாரும் உயர்த்தவில்லை, பணவீக்கம் பூட்டைத் துருப்பிடிக்க வைத்தது. 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்குக் கைமாற்று வரி பூச்சியம். இயந்திரத் துப்பாக்கிக்கு 200 டொலர் அப்படியே நிற்கிறது. ஆனால் எங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: அங்கே சட்டபூர்வ வாரிசுக்கு அந்த 200 டொலர் கிடையாது. பதிவு உண்டு, அனுமதி உண்டு, வரி மட்டும் இல்லை. இறப்பு ஒரு விற்பனை அல்ல என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

மற்றக் கேள்விகள். அயலவருக்கு விற்கலாமா? அனுமதி இல்லாமல் முடியாது.

இங்கே சைலன்சர்? பன்றியை விரட்டுவதே சத்தம்தான், வயல்காரருக்கு அது எதற்கு?

யானையைச் சுடலாமா? கூடாது, யானை வெடிக்கு வனசீவராசிகள் திணைக்களத்தைக் கேளுங்கள்.

இறந்தவரின் துவக்கை வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள். பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து, பற்றுச்சீட்டு வாங்கி, அதன்பிறகு விண்ணப்பியுங்கள். மாவட்டச் செயலகத்திடம் நாம் கேட்பது ஒன்றே: போகம் நடுவே தகப்பனை இழந்த பிள்ளைக்கு, அறுவடை முடியும்வரை ஒரு தற்காலிக அனுமதி கொடுங்கள்.