ஆட்டத்தை நடத்துபவர் யார்? கல்லூரி அணித் தேர்வும் சாதியும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும் கோவை, திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளின் உடற்கல்வி இயக்குநர்கள் வீரர் தேடலில் இறங்குகிறார்கள். பாரதியார் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கிடையிலான கோப்பைகளை வெல்வதற்காக, கபடி, வாலிபால் வீரர்களுக்குக் கட்டணமில்லா இடமும் விடுதியும் தருவதாகத் தனியார் கல்லூரிகள் வாக்களிப்பது இங்கு வழக்கம். பல்லடத்தின் விசைத்தறிக் கூடங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் ஷிப்ட் பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, குறிப்பாக அருந்ததியர் குடியிருப்புகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறுபவர்களுக்கு, இந்த அழைப்பு சிறிய விஷயமன்று.

ஆனால் எந்த இடத்தில் ஆடுவதற்கான அழைப்பு அது? வாலிபாலில் இரண்டாவது தொடுகை செட்டருடையது. பந்து யாருக்குப் போக வேண்டும், எதிரணியின் தடுப்பை எங்கே ஏமாற்ற வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். உயரமும் தாவும் வலிமையும் உள்ள தலித் மாணவரை அடிப்பதற்கு வைத்துக்கொள்ளும் அணி, அவரைச் செட்டராகவோ அணித்தலைவராகவோ வளர்க்கிறதா? எங்களிடம் சட்ட ஆலோசனைக்கு வரும் மாணவர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வருகிறது.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதே கேள்வி அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. அங்கு ஆடப்படும் ஃபுட்பால் நாம் அறிந்த கால்பந்தன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அதில் குவார்ட்டர்பேக் என்பவரே ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் பெற்று, யாரிடம் சேர்ப்பது என்று நொடிகளில் தீர்மானிப்பவர். அணியின் மூளை என்று கருதப்பட்ட அந்த இடத்தைக் கறுப்பினத்தவருக்குத் தர நெடுங்காலம் மறுத்தார்கள். வேகம் அவர்களுடையது, அறிவு எங்களுடையது என்பதே சொல்லப்படாத விதி. முடிவெடுக்கும் மைய இடங்களில் வெள்ளையரும் ஓரங்களில் கறுப்பினத்தவரும் குவிக்கப்படுவதைச் சமூகவியலாளர்கள் ஜான் லாயும் ஜோசப் மெக்எல்வோகும் 1970இல் ஆய்வாகவே வெளியிட்டனர்.

மார்லின் பிரிஸ்கோ ஒமாஹா பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். 1968இல் அவரைத் தேர்ந்தெடுத்த டென்வர் தொழில்முறை அணி, தடுப்பாட்டக்காரராகவே எடுத்தது. மற்றவர்கள் காயமடைந்தபின் வாய்ப்புக் கிடைத்தது. அந்தப் பருவத்தில் 14 டச்டவுன்களுக்குப் பந்தை எறிந்து கொடுத்தார். அடுத்த ஆண்டு அவருக்கு அந்த இடம் இல்லை. பஃபலோ அணிக்குச் சென்று பந்தைப் பிடிப்பவராக மாறினார். வாரன் மூன், 1978 ரோஸ் பவுல் போட்டியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக்காகச் சிறந்த வீரர் விருது பெற்றவர். அவ்வாண்டுத் தேர்வில் ஓர் அணியும் அவரை எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய், எட்மன்டன் அணியுடன் தொடர்ந்து ஐந்து முறை கோப்பை வென்ற பிறகே தாய்நாட்டின் கதவு திறந்தது.

இந்தச் சுவரில் விரிசல் விட்டது எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். லூசியானாவிலுள்ள கிராம்ப்ளிங் கல்லூரி கறுப்பின மாணவர்களுக்கானது. 1941 முதல் 1997 வரை அங்கு எடி ராபின்சன் பயிற்சியாளராக இருந்தார். பிற கல்லூரிகள் இடம் மாற்றி ஆடவைத்த காலத்தில் அவர் கறுப்பின மாணவர்களைக் குவார்ட்டர்பேக்காகவே வளர்த்தார். அவரிடம் பயின்ற ஜேம்ஸ் ஹாரிஸ் 1969இல் பஃபலோ அணியின் முதல் ஆட்டத்திலேயே களமிறங்கினார். இன்னொரு மாணவரான டக் வில்லியம்ஸ் 1988 ஜனவரியில் சூப்பர் பவுலை வென்றார். அதை வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் அவரே. திறமை எப்போதும் இருந்தது. அந்த இடத்துக்கென்றே பயிற்சி தரும் நிறுவனம்தான் இல்லாதிருந்தது.

நம் மண்ணில் இதற்கு நிகரான பெயர் பல்வங்கர் பாலூ. 'சமார்' சாதியில் பிறந்த அவர், புனேயில் ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் மன்றத்தில் மைதானப் பணியாளராக இருந்து, அவர்களின் மட்டைப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். வலைப்பயிற்சியில் ஒருமுறைகூட அவர் கையில் மட்டை தரப்படவில்லை என்பார்கள். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் பம்பாய்ப் போட்டிகளில் ஆடிய 'இந்துக்கள்' அணிக்கு அவர் தலைவராக்கப்படவே இல்லை. நீண்ட சர்ச்சைக்குப் பின் 1923இல் தம்பி விட்டலுக்குத்தான் அந்தப் பொறுப்பு கிடைத்தது. (1937 தேர்தலில் காங்கிரஸ் இதே பாலூவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. தலைமைக்குத் தகுதியற்றவராக நடத்தப்பட்டவர், அம்பேத்கரை எதிர்க்க மட்டும் தகுதியானவரானார்!)

இன்று அமெரிக்காவில் கறுப்பின குவார்ட்டர்பேக்குகள் அரிதல்லர். 2023 சூப்பர் பவுலில் இரு அணிகளுக்கும் அவர்களே. தடை வேறு வடிவம் எடுத்துள்ளது. பள்ளி வயதிலேயே தனிப் பயிற்சியாளர், கோடை முகாம்கள், பயணச் செலவு என்று குவார்ட்டர்பேக்கை உருவாக்குவது நீட் பயிற்சி மையம் போன்ற வணிகமாகிவிட்டது. இங்கும் அதுவே. தறியின் இரவு ஷிப்டுக்கு அப்பாவோடு துணைக்குப் போகும் மாணவர், காலைப் பயிற்சிக்கு எப்படி வருவார்?

இனி சட்டம். பொறியியல் கலந்தாய்வில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. விளையாட்டு ஒதுக்கீடு கிடைமட்டமானது. அதாவது சாதிவாரி ஒதுக்கீட்டை ஊடறுத்துச் செல்வது. அதை இரண்டு வகையாக நிரப்பலாம் என்று 1995இல் அனில்குமார் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரே பொதுப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, வந்தவர்களை அவரவர் பிரிவில் சேர்ப்பது ஒரு வகை. ஒவ்வொரு சமூகப் பிரிவுக்குள்ளும் விளையாட்டு இடங்களை முன்கூட்டியே பிரித்து வைப்பது மற்றொரு வகை. முதல் வகையில், சான்றிதழ்களைக் குவிக்க வசதியுள்ளவர்களே பட்டியலை நிறைத்துவிட்டால், அந்த வழியில் ஒரு தலித் மாணவர்கூட நுழையாமல் போகலாம். இரண்டாம் வகையில், 18 விழுக்காட்டுக் கணக்குப்படி 500இல் 90 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு உறுதி. அதற்குள் அருந்ததியருக்கான 3 விழுக்காடு 15 இடங்கள். எந்தக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ எந்த வகையைப் பின்பற்றுகிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர் அமைப்புகள் கேட்க வேண்டும்.

தனியார் கல்லூரிகளின் வாக்குறுதி வேறு சிக்கல். அது பெரும்பாலும் வாய்மொழியானது. மூட்டு கிழிந்தால் முடிந்துபோவது. 2014இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக் கெய்ன் கோல்ட்டர், சக வீரர்களோடு சங்கம் அமைக்க முயன்றார். காயத்துக்கான மருத்துவச் செலவும் உறுதியான உதவித்தொகையும் அவர்களின் முக்கியக் கோரிக்கைகள். அவர்கள் ஊழியர்களே என்று தொழிலாளர் வாரியத்தின் மண்டல இயக்குநர் தீர்ப்பளித்தார். 2015இல் வாரியம் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஆனால் அங்கு தொடங்கிய விவாதம் ஓயவில்லை. 2025 முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தருகின்றன.

பல்லடத்து மாணவருக்கு நாங்கள் சொல்வது இதுதான். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பட்டியல் சாதி மாணவருக்கு அரசின் மேற்படிப்பு உதவித்தொகை உரிமையாகவே உண்டு. கல்லூரி 'சலுகை' என்று சொல்வதில் எவ்வளவு உங்களுடைய உரிமை என்பதை முதலில் கணக்கிடுங்கள். விடுதி, உணவு, காயமடைந்தால் சிகிச்சை, ஆட முடியாவிட்டாலும் படிப்பைத் தொடரும் உறுதி ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். வேறு கல்லூரிக்குப் போய்விடாதபடி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபர் அறிவிக்கையில் அதைத் தடை செய்துள்ளது. சரிபார்த்த உடனே அசலைத் திருப்பித் தர வேண்டும். மறுத்தால், கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் மானியக் குழுவுக்கும் அனுப்புங்கள்.