டூலா பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்

பிரசவ வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறந்து சில மணி நேரம் ஆகும்வரை தாயின் அருகிலேயே இருந்து, மூச்சை ஒழுங்குபடுத்தவும் நடக்கவும் நிலை மாறி அமரவும் உதவி, இடுப்பை நீவிவிட்டு, மருத்துவர் சொல்வதை எளிய சொற்களில் விளக்கும் பெண் டூலா எனப்படுகிறார். மருத்துவச் செயல் எதிலும் அவர் கைவைப்பதில்லை. இத்தகைய இடைவிடாத துணை பயன் தரக்கூடும் என்று ஆய்வுகள் சுட்டுகின்றன. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, துணையோடு பிரசவித்தவர்களிடையே இயல்பான பிரசவம் கூடுதலாகவும் வலிநேரம் குறைவாகவும் இருந்ததைக் காட்டுகிறது. தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதமும், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 64 சதவீதமும் அறுவைச் சிகிச்சை வழியே நடப்பதாக 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறும் நிலையில், கடலூர், சிதம்பரம் வட்டாரப் பெண்கள் சிலர் இதைத் தொழிலாகக் கற்க நினைப்பது வியப்பன்று.

ஆனால் ஒரு பணி பயனுள்ளதாக இருப்பதும் அதற்குச் சட்ட அங்கீகாரம் இருப்பதும் வேறுவேறு. டூலாவுக்கென இந்தியாவில் அரசுப் பதிவேடோ உரிமமோ கிடையாது. பயிற்சி நிறுவனம் தரும் சான்றிதழ், பயிற்சி முடித்ததற்கான சான்றே தவிர, தொழில் செய்வதற்கான உரிமம் ஆகாது. பிரசவம் பார்ப்பது பதிவுபெற்ற மருத்துவருக்கும், செவிலியர் மன்றத்தில் பதிவுபெற்ற செவிலியர், பேறுகால உதவியாளர் ஆகியோருக்கும் உரிய வேலை. ஆகவே உள்பரிசோதனை செய்வது, மருந்து தருவது, வீட்டிலேயே குழந்தையை வாங்கித் தொப்புள்கொடி அறுப்பது ஆகியவற்றில் ஒன்றைச் செய்தாலும் டூலா தன் எல்லையைத் தாண்டியவர் ஆகிறார். கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, சிகிச்சையளித்த பதிவுபெற்ற மருத்துவருக்கு 2 ஆண்டுவரையிலும் மற்றவர்களுக்கு 5 ஆண்டுவரையிலும் சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது என்பதைப் பயிற்சி வகுப்புகள் சொல்லித் தருகின்றனவா என்று கேட்பது நல்லது. 2018இல் திருப்பூரில் வீட்டுப் பிரசவத்தில் ஒரு தாய் உயிரிழந்ததும், அடுத்த சில நாட்களில் கோவையில் வீட்டுப் பிரசவப் பயிற்சி வகுப்பை விளம்பரப்படுத்தியவர் கைது செய்யப்பட்டதும் இத்துறையில் நுழைபவர் மறக்கக் கூடாதவை.

வருமானத்தைத் தீர்மானிப்பது மருத்துவமனைக் கதவு. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைவரை அனுமதிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2004இலேயே தொடங்கியது. மத்திய சுகாதார அமைச்சகமும் 2016இல் நாடு முழுமைக்கும் அதை ஏற்றது. ஆனால் அந்த ஏற்பாடு கருதும் துணைவர், பெரும்பாலும் ஏற்கெனவே குழந்தை பெற்ற அனுபவமுள்ள பெண் உறவினரே. தனிமறைப்பு வசதியுள்ள இடங்களில் கணவரும் அனுமதிக்கப்படலாம். துணைவர் மருத்துவப் பணியில் குறுக்கிடக் கூடாது, பிற கர்ப்பிணிகளைக் கவனிக்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் உள்ளன. எனவே கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து அரசுடைமையான அண்ணாமலை நகர் மருத்துவமனையிலோ, கட்டணம் பெறும் டூலா ஒருவர் உரிமையோடு நுழைய இவ்விதிகள் வழிசெய்யவில்லை. ஒருவருக்கே இடமிருக்கும்போது, பெற்ற தாயை வெளியே நிறுத்திவிட்டு வேற்றாளை உள்ளே அனுப்பும் குடும்பங்கள் இப்பகுதியில் எத்தனை இருக்கும்? மறுபுறம், வளைகாப்புக்குப் பின் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் தாய்வீடு வரும் பெண்களில் சிலர் கட்டணம் தந்து துணை தேடக்கூடும். அவர்கள் நாடுவது பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளையே என்பதால், அங்குள்ள மகப்பேறு மருத்துவரின் இசைவே டூலாவின் முதலீடு.

பயிற்சிக் கட்டணத்தைப் பொறுத்தவரை, வேலை உறுதி என்றோ அரசு அங்கீகாரம் என்றோ பொய்யாக விளம்பரம் செய்து பணம் பெறுவது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரமாகும். பட்டம் தரும் கல்வி நிறுவனங்கள் பற்றி நீதிமன்றங்களின் பார்வை வேறாக இருந்தாலும், தனியார் பயிற்சி மையங்களைத் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் இச்சட்டத்தின் வரம்புக்குள் வைத்தது. நிறுவனம் மும்பையிலோ இணையவழியிலோ இயங்கினாலும், புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்தில், அதாவது கடலூரிலேயே, 2 ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் வழக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணிலும் முறையிடலாம். இதே சட்டம் டூலாவையும் கட்டுப்படுத்துகிறது: அறுவைச் சிகிச்சை இல்லாத பிரசவத்துக்கு அவர் உறுதி தந்தால், பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் நேர்ந்தால், எவரிடமும் ஊழியராக இல்லாத டூலாவும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 மாதங்களுக்குள் அம்மருத்துவமனையின் உள்ளகக் குழுவிடமோ, அது இல்லாத இடத்தில் மாவட்ட உள்ளூர்க் குழுவிடமோ புகார் அளிக்கலாம்.

பிரசவம் பார்க்கவே விரும்புபவர் செவிலியர் படிப்பில் சேர்ந்து, பின்னர் 18 மாதப் பேறுகாலச் செவிலியர் பயிற்சியை நாடுவதே சரியான வழி. துணையாக இருக்க மட்டும் விரும்புபவருக்கு, இம்மாவட்டத்தில் டூலா பணி இன்னும் தனித்து வாழ்வாதாரம் ஆகக்கூடியதன்று. கர்ப்பகால வகுப்புகளோடும் தாய்ப்பால் ஆலோசனையோடும் சேர்த்துச் செய்யத்தக்க துணைத் தொழிலே. அதையும் தேர்வதற்கு முன், தாம் பணியாற்ற எண்ணும் மருத்துவமனைகள் பிரசவ அறைக்குள் தம்மை அனுமதிக்குமா என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெற்ற பிறகே கட்டணம் செலுத்த வேண்டும்.