கடல் இல்லாத ஊருக்கு எதற்குப் புயல் எச்சரிக்கை?

"கடல் எங்கேயோ கெடக்கு, புயல் வந்தா நமக்கென்ன?" ஐப்பசி பிறந்தால் தென்காசி டீக்கடைகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். உட்காருங்கள், டீ வரட்டும், சொல்கிறேன்.

நம் பக்கம் புயல் பெரும்பாலும் தண்ணீராகத்தான் வரும். கடல்காற்று சுமந்து வரும் ஈரம் மலையில் முட்டி, மேலே ஏறிக் குளிர்ந்து, மழையாகக் கொட்டும். அதற்குப் புயலே வேண்டும் என்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களை மூழ்கடித்தது பெயர்கூட வைக்கப்படாத ஒரு வளிமண்டலச் சுழற்சி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. வானிலை மையம் சொல்லும் சிவப்பு எச்சரிக்கை 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழைக்கு. 20 சென்டிமீட்டர் என்றாலே ஏக்கருக்கு எட்டு லட்சம் லிட்டர் தண்ணீர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, மழை ஓரிடம், வெள்ளம் ஓரிடம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த காட்டாற்று வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. மலைமேல் பெய்தால் கீழே குளிப்பவருக்குத் தெரியாது. தண்ணீர் கலங்கலாகிறதா, சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுகிறதா, இரைச்சல் கூடுகிறதா? துண்டைத் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். குற்றாலம் மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீசார் தடுப்பார்கள். அவர்களிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம்.

உதவி கேட்க மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்சுக்கு 108. எடுத்ததும் ஊர், தெரு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளி, எத்தனை பேர், நடக்க முடியாதவர் உண்டா என்று சொல்லுங்கள். அழுகையும் கோபமும் அப்புறம்.

ஆனால் முதலில் கை கொடுப்பது பக்கத்து ஊர்தான். அந்த 2023 டிசம்பர் மழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. உள்ளே சுமார் 800 பயணிகள். வெளியிலிருந்து சாப்பாடு வந்து சேரும் முன்பே பக்கத்து ஊரான புதுக்குடிக்காரர்கள் கோயிலில் உலை வைத்துப் பசியாற்றினார்கள். அவர்களைச் சுற்றியும் வெள்ளம்தான். வீட்டில் அரிசி இருந்தது, அதனால் கொடுக்க முடிந்தது.

ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ஒரு வாரத்துக்கான அரிசி பருப்பு, மாத்திரை, டார்ச், தீப்பெட்டி எல்லாம் எடுத்துவையுங்கள். பத்திரம், ரேஷன் கார்டு, ஆதாரைப் பாலித்தீன் உறையில் போட்டுப் பரணில் வையுங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் குடங்களை நிரப்பிவிடுங்கள்.

வெள்ளத்தில் சிக்கிய வெளியூருக்கு உதவிப் பொருள் அனுப்புவதாக இருந்தால், என்ன தேவை என்று முதலில் கேட்டு அனுப்புங்கள். பழைய துணி மூட்டை முகாமில் மலையாகக் குவியும். பாய், போர்வை, நாப்கின், கொசுவத்திக்குத்தான் அலைவார்கள்.

உங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஆச்சி யார், இன்சுலின் போடுகிறவர் யார், எந்த வீட்டில் மாசமாக இருக்கிறார்கள்? மழை வந்தால் யார் போய் அந்தக் கதவுகளைத் தட்டுவது என்று இன்றைக்கே பேசி முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.