கத்திரி வெயிலிலும் முடி கொட்டாத குதிரை... வயசா, குஷிங்ஸ் நோயா?

நெய்வேலியில் கத்திரி வெயில். டவுன்ஷிப்பை ஒட்டிய ஒரு கொட்டகையில் 18 வயசு மட்டக்குதிரை ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்குப் போய் வந்த குதிரை. இப்போது தாடைக்குக் கீழேயும் வயிற்றடியிலும் முடி நீளமாக வளர்ந்து, கொட்டாமலேயே இருக்கிறது. முதுகில் சதை வற்றிவிட்டது, வயிறு மட்டும் தொங்குகிறது. கேட்டால் வரும் பதில்: "வயசாயிடுச்சு சார், அவ்ளோதான்."

அவ்வளவுதானா? இல்லாமலும் இருக்கலாம்.

அது என்ன குஷிங்ஸ்?

1932-ல் மனிதர்களிடம் இந்த நோயை விவரித்த அமெரிக்க மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் பெயரால் வந்தது. குதிரைகளில் கதை கொஞ்சம் வேறு. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் நடுப்பகுதிக்கு டோபமைன்தான் பிரேக். வயதாகும்போது டோபமைன் அனுப்பும் நரம்புகள் நலிந்துபோகின்றன. பிரேக் போனதும் சுரப்பி வீங்கி, ஏசிடிஎச் உள்ளிட்ட ஹார்மோன்களை அளவுக்கு மேல் கொட்டுகிறது.

ஆஸ்திரேலியாவில் 15 வயதைத் தொட்ட, தாண்டிய குதிரைகளில் நடந்த ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இது இருந்தது. அபூர்வ நோய் அல்ல.

நம்ம ஊரில் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டம்?

குளிர்நாட்டுக் குதிரைக்குக் குளிர்காலத்தில் அடர்த்தியான முடி வளரும், வசந்தத்தில் கொட்டும். கொட்டாவிட்டால் உடனே தெரிந்துவிடும். நம் ஊர்க் குதிரைக்கு அப்படி அடர்த்தியான முடியே வருவதில்லை. அதனால் தாடை, கால், வயிற்றடியில் மட்டும் தெரியும் நீள முடியைக் கவனிக்க வேண்டும்.

அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத வியர்வை, சோர்வு, ஆறாத புண் ஆகியவையும் அறிகுறிகள்தான். ஆனால் மே மாதத்தில் எந்தக் குதிரைதான் தண்ணீர் நிறையக் குடிக்காது? ஒரு வாரம் வாளிக் கணக்கை எழுதி வையுங்கள். அதே கொட்டகையில் நிற்கும் வேறு குதிரையோடு ஒப்பிடுங்கள்.

உண்மையான ஆபத்து எங்கே?

குளம்பில். இந்த நோயுள்ள பல குதிரைகளுக்கு ரத்தத்தில் இன்சுலினும் எகிறும். அப்போது குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு தளர்கிறது. இதுதான் குளம்பு அழற்சி. முற்றினால் எலும்பு இடம் மாறும், குதிரையால் நிற்கவே முடியாது. பல குதிரைகளின் உயிரைப் பறிப்பது குஷிங்ஸ் அல்ல, இந்த வலிதான்.

முன்கால்களை நீட்டி, எடையைப் பின்கால்களில் போட்டு நிற்கிறதா? திரும்பத் தயங்குகிறதா? குளம்பு சுடுகிறதா? அதற்கு மேலே கணுக்காலில் நாடி 'டப் டப்' என்று பலமாக அடிக்கிறதா? இது எமர்ஜென்சி. "கொஞ்சம் நடக்க விட்டா சரியாயிடும்" என்று நடத்தாதீர்கள். மெத்தென்ற மணலில் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

டெஸ்ட் எப்படி?

ரத்தத்தில் ஏசிடிஎச் அளவு பார்ப்பார்கள். கூடவே இன்சுலினும் பார்க்கச் சொல்லுங்கள். ஏசிடிஎச் சீக்கிரம் சிதைந்துவிடும். ஆகவே எடிடிஏ குழாயில் எடுத்த ரத்தத்தைக் குளிரிலேயே வைத்து, பிளாஸ்மாவைப் பிரித்து அனுப்ப வேண்டும். சென்னைக்கு சுமார் 200 கி.மீ. வெயிலில் பஸ்ஸில் போன மாதிரியை நம்ப முடியாது. குதிரை ரத்தத்துக்குச் சரிவரும் முறையா என்று லேபிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும், சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

இன்னொரு சிக்கல்: ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ஏசிடிஎச் இயல்பாகவே உயரும். அதற்கான அளவுகோல்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக் குதிரைகளை வைத்துப் போடப்பட்டவை. எனவே எண்ணை மட்டும் பார்க்காமல், குதிரையையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ரிசல்ட் வரும்வரை என்ன செய்வது?

சந்தேகம் வந்த அன்றே தொடங்கலாம்:

• வெல்லம், கரும்பு, கொழுந்தாடை வேண்டாம். கடலூர் மாவட்டத்தில் கரும்பு சுலபமாகக் கிடைக்கும், அதுதான் பிரச்சினை. ஆசையாக நீட்டும் பண்ருட்டி பலாச்சுளையும் வேண்டாம்.

• தானியத்தைக் குறையுங்கள். தீவன மாற்றத்தை 7 முதல் 10 நாளில் மெதுவாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுவலி வரும். பட்டினி மட்டும் போடவே கூடாது.

• உலர்புல்லை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுங்கள். சர்க்கரை ஓரளவு குறையும்.

• நீள முடியைக் கத்தரித்துவிடுங்கள். நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

• 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் குளம்பைச் சீர்செய்யட்டும். பல், குடற்புழு பரிசோதனையும் தவறக் கூடாது.

• அரிப்பு, வீக்கம் என்று டாக்டரிடம் கேட்காமல் ஸ்டீராய்டு ஊசி போடாதீர்கள். குளம்பு அழற்சியைத் தூண்டிவிடலாம்.

மருந்து உண்டா?

பெர்கோலைடு. டோபமைன் செய்யும் வேலையைச் செய்யும் மாத்திரை. முதலில் மனிதர்களின் பார்க்கின்சன் நோய்க்குப் பயன்பட்டது. இதய வால்வு பாதிப்பால் 2007-ல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. 2011-ல் அங்கேயே குதிரைகளுக்கு அனுமதி கிடைத்தது. வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், தினமும் ஒருமுறை. அதாவது 250 கிலோ குதிரைக்கு அரை மில்லிகிராம். சில குதிரைகள் ஆரம்பத்தில் சாப்பிட மறுக்கும். அப்போது டாக்டர் அளவை மாற்றுவார். மாத்திரையைப் பொடிக்கக் கூடாது, கர்ப்பிணிகள் தொடாமல் இருப்பது நல்லது.

நோய் முழுதாகக் குணமாகாது, மாத்திரை ஆயுள் முழுக்க. ஆனாலும் சரியான தீவனமும் குளம்புக் கவனிப்பும் சேர்ந்தால் பல குதிரைகள் இன்னும் சில வருடம் வலியில்லாமல் வாழும்.

ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் குதிரை வாங்கும்போது சுழி பார்க்கிறோம், பல் பார்க்கிறோம். அதே குதிரைக்கு 15 வயசு தாண்டினால் தினமும் குனிந்து குளம்பைத் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது.