பழைய வாகனத்துக்கு எந்தக் கியர் ஒயில்?

தோட்ட மரக்கறியைச் சந்தைக்கு ஏற்ற ஒரு பழைய கார் அல்லது வான், வயல் உழ ஒரு பழைய உழவு இயந்திரம். இடம்பெயர்ந்து வந்து மீண்டும் தொழில் தொடங்கும் குடும்பங்கள் பல, இருக்கிற காசைத் திரட்டி இப்படி ஒன்றைத்தான் வாங்குகின்றன. வாங்கியதும் எஞ்சின் ஒயிலைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். கியர் ஒயில் என்றால் கடைக்காரர் எடுத்துத் தருவதுதான். எஞ்சினில் பிழையென்றால் புகை காட்டிக்கொடுக்கும். கியர் பொக்ஸ் அப்படியல்ல. பிழையான ஒயிலோடு அது மாதக்கணக்கில் ஓடும். பிறகு ஒரு நாள் இரண்டாம் கியர் விழாமல் கறகறக்கும். அப்போது கழற்றிப் பார்த்தால் செலவு ஒரு போகத்து வருமானத்தைத் தின்றுவிடும். பழைய வாகனமென்றால் உதிரிப்பாகம் தேடி அலையவும் வேண்டும்.

ஒயில் கானில் இரண்டு விடயங்கள் எழுதப்பட்டிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது எஸ்.ஏ.ஈ. இலக்கம். 80டபிள்யூ-90, 90, 140 என்று வரும். இது ஒயிலின் தடிப்பை மட்டுமே சொல்கிறது; தரத்தையல்ல. கியர் ஒயிலுக்கும் எஞ்சின் ஒயிலுக்கும் அளவுகோல் வேறு என்பதையும் கவனிக்கவேண்டும். 90 ஆம் இலக்கக் கியர் ஒயில், 40 அல்லது 50 ஆம் இலக்க எஞ்சின் ஒயிலின் தடிப்பளவுதான் இருக்கும். ‘டபிள்யூ’ எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. எமது வெக்கையில் அதைப்பற்றிப் பெரிதாக யோசிக்கத் தேவையில்லை.

இரண்டாவது ஜீ.எல். என்ற ஆங்கில எழுத்துகளும் அவற்றின் பின்னால் வரும் 4 அல்லது 5 என்ற இலக்கமும். பிழை நடப்பது பெரும்பாலும் இங்கேதான். நாலைவிட ஐந்து பெரியது, ஆகவே ஐந்துதான் நல்ல ஒயில் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இவை இரண்டும் இரு வேறு வேலைகளுக்கானவை.

பின் அச்சின் டிபரன்சலில், சிறிய பல்லுச்சக்கரம் பெரிய சக்கரத்தின் நடுமட்டத்துக்குக் கீழே பொருத்தப்பட்டிருக்கும். அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று அழுத்தி வழுக்கவும் செய்கின்றன. சாதாரண ஒயில் அந்த அழுத்தத்தில் பிதுங்கிப் போய்விடும். ஆகவே கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த மருந்துகள் கலக்கப்படுகின்றன. கியர் ஒயிலின் அந்தக் கடும் மணம் கந்தகத்தினால் வருவதே. ஜீ.எல். 5 இல் இம்மருந்து ஜீ.எல். 4 இல் உள்ளதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு.

கியர் பொக்ஸினுள்ளே இருப்பதோ வேறு சங்கதி. கியர் மாற்றும்போது இரண்டு பாகங்களின் வேகத்தைச் சமப்படுத்த, பல வாகனங்களில் பித்தளை வளையங்கள் உண்டு. மெக்கானிக்மார் ‘சிங்கிரோ’ என்பது இவற்றைத்தான். இந்த வளையம் கியரின் கூம்பில் உரசிப் பிடிக்கவேண்டும். பிடித்தால்தான் வேகம் சமமாகும். ஜீ.எல். 5 ஊற்றினால் ஒயில் அளவுக்கு மிஞ்சி வழுக்கும், வளையம் பிடிக்காது, பற்கள் மோதும். அந்த மருந்து சூட்டில் பித்தளையைக் கறுக்கச் செய்து அரிக்கவும் கூடும். இப்போது வரும் ஒயில்கள் சிலவற்றில் அரிப்பைத் தடுக்கும் பொருளும் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் வழுக்கும் குணம் போவதில்லை. பித்தளை வளையமுள்ள பழைய கியர் பொக்ஸுக்கு, கைந்நூல் வேறு சொல்லாவிட்டால், ஜீ.எல். 4 என்பதே எமது அபிப்பிராயம்.

கைந்நூல் வேறு சொல்லும் வாகனங்களும் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் 1990களில் மண்ணெண்ணெயிலும் ஓடிக்காட்டிய மொறிஸ் மைனரை யார் மறப்பார்? அதன் கியர் பொக்ஸுக்கு அதைச் செய்தவர்கள் சொன்னது கியர் ஒயிலே அல்ல, எஞ்சினுக்கு ஊற்றும் அதே ஒயில். பின் அச்சுக்கு மட்டும் 90 ஆம் இலக்க டிபரன்சல் ஒயில். ஒரே காரில் இரண்டு இடத்துக்கு இரண்டு ஒயில்! கியர் பொக்ஸ் இரைகிறதென்று அதற்கு 140 ஊற்றுவோர் உண்டு. சத்தம் கொஞ்ச நாள் அடங்கும். ஆனால் அந்தத் தடிப்பைக் கிழித்துக்கொண்டு வளையம் பிடிக்க முடியாது; தேய்ந்த பெயரிங் தேய்ந்துகொண்டேயிருக்கும்.

உழவு இயந்திரம் வைத்திருப்போர் இன்னொன்றை அறிந்திருக்கவேண்டும். மசி பேர்கசன் 135 போன்றவற்றில் கியர் பொக்ஸ், பின் அச்சு, கலப்பையைத் தூக்கும் ஹைட்ரோலிக் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஒயில்தான். அங்கே தடித்த கார்க் கியர் ஒயிலை ஊற்றினால் பம்பி இழுக்கச் சிரமப்படும். கலப்பை மெதுவாகவே எழும்பும். யூ.ரி.ரி.ஓ. என்று குறிக்கப்பட்ட உழவு இயந்திர ஒயில் இதற்கென்றே வருகிறது. பிரேக்கும் ஒயிலுக்குள் இருக்கும் மாதிரிகளுக்கு இது மிகவும் அவசியம். இரண்டு சக்கர உழவு இயந்திரங்கள் கம்பனிக்குக் கம்பனி வேறுபடுவதால் கைந்நூலைப் பார்ப்பதே வழி.

ஒயில் மாற்றும்போது முதலில் ஊற்றும் துவாரத்தின் மூடியைக் கழற்றுங்கள். கீழ் மூடியைக் கழற்றி ஒயிலை வடித்த பிறகு மேல் மூடி இறுகிப்போய் அசையாவிட்டால், வாகனம் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான். கொஞ்சத் தூரம் ஓடிச் சூடேறியபின் வடித்தால் அடிமண்டியும் சேர்ந்து வரும். வடிந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் பாருங்கள். பித்தளைத் தூள் மினுங்கினால் வளையங்கள் தேய்கின்றன. பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. கைவிட்டுப் போய், வருடக்கணக்கில் மழையில் நின்று மீட்கப்பட்ட வாகனங்களிலும், சேற்று வயலில் இறக்கி அச்சுச் சீல் தேய்ந்த இயந்திரங்களிலும் இதைக் காணலாம். அப்படியானால் மலிவான ஒயில் கொஞ்சம் ஊற்றிச் சில நிமிடம் ஓடவிட்டு வடித்தபின் நல்ல ஒயிலை ஊற்றவேண்டும். சீல் கசிந்தால் அதையும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் அடுத்த உழவிலேயே மறுபடி வெளுத்துவிடும்.

போத்தலில் அளந்து விற்கும், பெயரில்லாத ஒயில் மலிவுதான். அதில் நாலா ஐந்தா என்று விற்பவருக்கே தெரியாது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து மூடி உடையாத ஒரு கானை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம்.

வடித்த பழைய ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றவேண்டாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் அது நேரே குடிதண்ணீருக்கு இறங்கிவிடும். மூடியுள்ள கானில் சேர்த்து, பழைய ஒயில் எடுக்கும் கராஜில் கொடுத்துவிடுங்கள்.