குள்ள மரத்துக்கு அடுப்பங்கரைச் சீதனம்

மயிலாப்பூர் வீடுகளில் வருஷந்தோறும் ஓர் அதிசயம் நடக்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை. காகமோ மைனாவோ எங்கேயோ ஆலம்பழத்தைத் தின்றுவிட்டு வந்து, நம் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து எச்சமிட்டுப் போகிறது. அடுத்த மழைக்குச் சுவர் வெடிப்பிலிருந்து இரண்டு இலைகள் எட்டிப் பார்க்கின்றன. மூன்றாவது வருஷம் சுவர் விரிசல் விடுகிறது. உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு, "இந்தச் சனியனைப் பிடுங்கி எறியப்பா!" என்கிறோம்.

அந்தச் சனியன்தான் சென்னைவாசிக்குக் காசில்லாமல் கிடைக்கும் முதல்தரமான போன்ஸாய்க் கன்று. ஆலோ, அரசோ, இச்சியோ எதுவானாலும் சரி. மண்ணே இல்லாத காரையில் பட்டினி கிடந்து வளர்ந்ததால் அதன் அடிமரம் முறுக்கேறி வயசான தோற்றம் கொடுக்கும். பாதி வேலையைச் சுவரே செய்து முடித்துவிட்டது. மீதிப் பாதிக்கு வேண்டிய சாமான்கள் அநேகமாக நம் அடுப்பங்கரையிலேயே இருக்கின்றன.

போன்ஸாய் என்றால் ஜப்பானிய மொழியில் "தட்டில் நட்ட செடி" என்று பொருள். சீன தேசத்திலிருந்து ஜப்பானுக்குப் போன கலை அது. விலையுயர்ந்த கத்தரிகளும், கப்பலில் வந்த மண்ணும் இல்லாமல் நடக்காது என்று பலருக்கு ஒரு பயம். பயப்படுவானேன்? நவராத்திரிக்குக் கொலுப்படியின் பக்கத்தில் தட்டில் மண்ணைப் பரப்பி, கேழ்வரகையோ கடுகையோ தூவி முளைக்க வைத்து, நடுவில் கண்ணாடித் துண்டைப் பதித்துக் குளம் என்று சொல்லி 'பார்க்' கட்டியவர்கள்தானே நாம்? அந்தத் தோட்டம் பத்து நாளில் வாடிவிடும். இது பேரன் காலம் வரை நிற்கும்.

மிகையாகச் சொல்லவில்லை. 1976-ல் ஜப்பானியர் அமெரிக்காவுக்கு 53 போன்ஸாய் மரங்களைப் பரிசாக அனுப்பினார்கள். அவற்றில் ஒரு பைன் மரம் 1625-லிருந்து வளர்க்கப்பட்டு வருவது. 1945-ல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, சுமார் இரண்டு மைல் தூரத்தில் ஒரு வீட்டுத் தோட்டச் சுவரின் மறைவில் இருந்து தப்பியது. இந்தச் சேதியே 2001-ல் அந்தக் குடும்பத்துப் பேரன்மார் மரத்தைப் பார்க்க வந்த பிறகுதான் வாஷிங்டன்காரர்களுக்குத் தெரிந்தது!

சல்லடையும் செங்கல்லும்

போன்ஸாய் வளர்க்கப் புறப்பட்டுக் கைவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். செம்மண்ணும் எருவும் போட்டுத் தொட்டியை நிரப்பியிருப்பார்கள். ஐப்பசி மழையில் அது சேறாகிவிடும். வேர் மூச்சு முட்டி அழுகிவிடும். ஊற்றிய தண்ணீர் அடுத்த நிமிஷமே அடித்துவாரம் வழியே வெளியே ஓடவேண்டும். இந்தக் கலையின் உயிர்நாடி அதுதான்.

தியாகராய நகரில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டாத தெரு எது? அங்கே கேட்டால் இரண்டு செங்கல் கொடுக்க மாட்டார்களா? கொண்டுவந்து உடைத்து, மாவு சலிக்கிற சல்லடையில் சலித்துத் தூளைக் கொட்டிவிடுங்கள். துவரம்பருப்பு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை உள்ள சில்லுகளை எடுத்துக் கழுவி, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு கலந்தால் போதும். சில்லு தண்ணீரைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மிச்சத்தை விட்டுவிடும். (அந்தச் சல்லடையை மறுபடி மாவுக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் கலகம் வரும்.)

அடித்துவாரத்தின்மேல் ஜன்னல் கொசுவலைத் துண்டு ஒன்று. அது கிடைக்காவிட்டால் தென்னை மரத்துப் பன்னாடை. நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்கிற வடிகட்டி என்பதால் நன்னூல் நெய்யரியைக் கடைமாணாக்கருக்கு உவமை சொல்லிற்று. நாமும் பன்னாடை என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். இங்கே நமக்கு வேண்டியதே அந்தக் குணந்தான்: தண்ணீரை விட்டுச் சில்லைப் பிடிக்க வேண்டும். ஆனால் அது சீக்கிரம் மக்கிவிடும்; அடுத்த மண்மாற்றத்தில் புதிது போடவேண்டும்.

கன்றை நேரே அழகான தட்டுக்கு மாற்றாதீர்கள். ரங்கநாதன் தெருவில் காய்கறி கழுவுகிற பிளாஸ்டிக் கூடை ஒன்று வாங்கி, முதல் வருஷம் அதில் வளருங்கள். சுற்றிலும் துவாரம். வேர்நுனி துவாரத்துக்கு வந்து காற்றுப்பட்டதும் காய்ந்து நின்றுவிடும்; பின்னாலிருந்து பத்துப் பொடிவேர் கிளம்பும். தட்டில் வாழப் போகிற மரத்துக்கு வேண்டியது அந்தப் பொடிவேர்தான். அப்புறம் தட்டு. பரணில் விரிசல் விட்ட கல்சட்டி கிடக்கிறதா? மாக்கல் மிருதுவானது, துளைபோடும் கருவியால் நிதானமாகத் துவாரம் போட்டால் அதைவிட லட்சணமான தொட்டி கிடையாது.

முள்கரண்டி முதல் குறடு வரை

மண்மாற்றும்போது சிக்குண்ட வேரைப் பிரிக்க, பழைய முள்கரண்டியின் நுனிகளைக் கொக்கிபோல் வளைத்துக்கொள்ளலாம். வேர்களின் இடுக்கில் மண்ணைத் திணிக்கப் பின்னல் ஊசி. ஜப்பானியர்களே இந்த வேலைக்குச் சாப்பாட்டுக் குச்சியைத்தான் எடுக்கிறார்கள்! பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அடிமரத்துப் பாசியைத் தேய்க்கலாம். கடலைப் புண்ணாக்கு வைத்தால் காகமும் அணிலும் கிளறிவிடும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். தேநீர் வடிகட்டியைக் கவிழ்த்து மூடி மண்ணில் அழுத்தி வையுங்கள்; காகம் ஏமாந்து போகும்.

கிளையை வளைக்கப் பழைய வீட்டு ஒயரிங்கின் ஒற்றைச் செம்புக் கம்பி உத்தமம். மேலுறையைக் கத்தியால் சீவி எடுத்துவிட்டு (கொளுத்தாதீர்கள், அந்தப் புகை ஆகாது) அடுப்பில் சிவக்கக் காட்டி ஆறவிட்டால் சொன்னபடி வளையும். கிளையின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு கனம் இருந்தால் சரி. கம்பி சுற்றுமுன் நனைத்த வாழைநாரைக் கிளைமேல் சுற்றினால் பட்டைக்குக் காயம் வராது. கட்டடக்காரர்களின் கட்டுக்கம்பி வேண்டாம், துரு ஏறும்.

இங்கே என் அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் ஆறு மாதம் என்று போட்டிருந்ததை நம்பி ஓர் இச்சி மரத்தில் சுற்றிய கம்பியை மழைக்காலம் முழுவதும் மறந்துவிட்டேன். அது குளிர்தேசத்துக் கணக்கு. சென்னை உஷ்ணத்தில் ஆல வகைகள் ஆறேழு வாரத்திலேயே பருத்துவிடும். கம்பி பட்டைக்குள் புதைந்து, மரத்தைச் சுற்றிப் பாம்பு நெளிந்ததுபோல் தழும்பு இன்றும் இருக்கிறது. கம்பியைப் பிரிக்காமல் துண்டு துண்டாக வெட்டி எடுக்கவேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

வெட்டுவதில்தான் சிக்கனம் பலிக்காது. அரிவாள்மனையும் மழுங்கிய கத்தரியும் திசுவை நசுக்கும். நசுங்கிய இடம் அழுகும். நல்ல கத்தரி ஒன்று விலைக்கு வாங்கத்தான் வேண்டும். பெரிய கிளைக்கு ஜப்பானியர் வைத்திருக்கும் குழிவெட்டுக் கருவி ஏராளமான விலை. அதற்கு ஓர் உபாயம்: ஆணி வெட்டுகிற பழைய குறட்டைச் சாணை பிடிப்பவரிடம் கொடுத்து, வாயின் வெளிப்புறத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். கிளை அடியோடு ஒட்டி வெட்டுப்படும், முண்டு நிற்காது. ஆல வகையின் பாலே புண்ணை மூடிக்கொள்ளும்.

தண்ணீர் விஷயம்

மற்றதெல்லாம் தவறினாலும் மரம் பிழைக்கும். இதில் தவறினால் பிழைக்காது. சித்திரை வெயிலில் இரண்டங்குல மண் ஒரே பகலில் காய்ந்துவிடும். அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளை படியும். குடிநீர் சுத்திகரிப்பு யந்திரம் ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுகிறார்களே, அது அதைவிட மோசம். உப்பையெல்லாம் பிரித்து அதில்தானே விடுகிறது! குளிர்சாதனப் பெட்டியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள், அதில் உப்பில்லை. 2019-ல் ஏரிகள் வற்றி லாரிக்குக் குடத்தோடு நின்ற நாட்களில் மாடித் தொட்டிகளுக்குக் கைகொடுக்கக்கூடிய தண்ணீர் இதுதான்.

கலியாணத்துக்குக் கும்பகோணம் போகவேண்டுமா? பழைய வேஷ்டியைத் திரியாகக் கிழித்து நனைத்து, ஒரு நுனியை வாளித் தண்ணீரிலும் மறு நுனியைத் தொட்டி மண்ணிலும் புதைத்து, வாளியைச் சற்று உயரமாக நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும். ஒருநாள் முன்னதாகவே வைத்துச் சோதித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

காபித்தூள் சக்கை, புளித்த மோர் எல்லாவற்றையும் தட்டில் கொட்டி உபசாரம் செய்கிறவர்கள் உண்டு. அவை ஆடைகட்டித் துவாரங்களை அடைக்கும், எருக்குழிக்குப் போகட்டும். கூடத்தில் டெலிவிஷன் பக்கத்தில் அலங்காரமாக வைப்பதும் இரண்டு நாளைக்குத்தான். அது மரம், வெயில் வேண்டும்.

கன்றைச் சுவரிலிருந்து எடுக்க மழைக்காலந்தான் ஏற்றது. சுவர் ஊறியிருக்கும்போது பழைய திருப்புளியால் காரையைத் தளர்த்தி எடுங்கள். வேர் பாதி அறுந்தாலும் கவலையில்லை. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயற்காற்றில் சாய்ந்தது; விழுதுகளால் மரம் இன்றும் நிற்கவில்லையா? இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, நட்டு, பிளாஸ்டிக் பையால் மூடி மூன்று வாரம் நிழலில் வையுங்கள்.

கபாலீசுவரர் கோயில் மதிலில் முளைத்ததை மட்டும் தொடவேண்டாம். அதைக் கவனிக்கத் தேவஸ்தானத்தார் இருக்கிறார்கள்.