கூப்பிட்டால் வரும், சொன்னால் விலகும்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கணியம்பாடி. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் இந்தத் தோல் தொழில் வட்டாரத்தில் ஷூ கம்பெனியின் வேலை கம்பெனி கேட்டோடு முடிந்துவிடுவதில்லை. ஷூவின் மேல்பகுதியான அப்பர், கட்டுக்கட்டாக வீடுகளுக்கும் வருகிறது. பெண்கள் தரையில் உட்கார்ந்து அதைக் கையால் தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி வாங்குகிறார்கள். அப்படி ஒரு வீட்டில் பூனையும் இருந்தால் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். தோலில் நகம் நன்றாகப் பதியும். அடுக்கி வைத்த அப்பர் படுக்க மெத்தென்று இருக்கும். ஊசியோடு மேலும் கீழும் போகிற நூலைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற பூனை உலகத்தில் கிடையாது. ஒரு கீறல் விழுந்தால் அந்த ஜோடிக்குக் கூலி போச்சு. ஆகவே பகல் முழுக்க அந்த வீட்டில் ‘சூ, போ அந்தப் பக்கம்’ என்ற சத்தம்தான். பொழுது சாய்ந்து தெருநாய்கள் திரிய ஆரம்பித்ததும், அதே குரல் வாசலில் நின்று அதே பூனையை ஆசையாகக் கூப்பிடுகிறது. பூனை ஓட்டின்மேல் உட்கார்ந்தபடி பார்க்கிறது. இறங்குவதில்லை. ‘நாய்க்கு இருக்கிற நன்றி பூனைக்கு ஏது?’ என்று வழக்கும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்பை நாம் கொஞ்சம் அவசரமாக எழுதிவிட்டோம். கூப்பிட்டால் வருவதில்லை என்பதும், வேலை நேரத்தில் விலகி இருப்பதில்லை என்பதும் இரண்டு தனித்தனிக் குறைகளாகத் தோன்றினாலும் வேர் ஒன்றுதான். எந்தக் குரலைக் கேட்டால் நல்லது நடக்கும், எதைக் கேட்டால் கெட்டது நடக்கும் என்று பூனைக்கு நாம் தெளிவாகக் காட்டவில்லை. பெயரைச் சொல்லித்தான் கொஞ்சுகிறோம். பெயரைச் சொல்லித்தான் விரட்டுகிறோம். விரட்டுவதை நிறுத்தாமல் கூப்பிடப் பழக்க முடியாது; போய் உட்கார ஓர் இடம் காட்டாமல் விரட்டுவதையும் நிறுத்த முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே, ஒரே முறையில் பழக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

முதலில், பூனைக்கு நம் குரல் புரிகிறதா என்ற கேள்வி. ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். 2013இல் வெளிவந்த ஆய்வில், 20 வீட்டுப் பூனைகளுக்கு அவற்றின் பெயரைக் கூப்பிடும் குரல்களை, ஆள் கண்ணில் படாமல் ஒலிபரப்பினார்கள். முதலில் அந்நியர் மூவர், பிறகு வளர்ப்பவர், மறுபடி ஓர் அந்நியர். அந்நியர் குரல் கேட்கக் கேட்கச் சலித்துப்போன பூனைகள், வளர்ப்பவரின் குரலுக்குக் காதைத் திருப்பின, தலையை அசைத்தன. எழுந்து மட்டும் வரவில்லை. 2019இல் அவரே செய்த இன்னோர் ஆய்வு, பூனைகள் தம் பெயரை அதே அளவுள்ள வேறு சொற்களிலிருந்து பிரித்து அறிகின்றன என்று காட்டியது. பல பூனைகள் ஒன்றாக வாழும் ‘பூனைக் கஃபே’களில் மட்டும், தன் பெயருக்கும் பக்கத்துப் பூனையின் பெயருக்கும் அவை வித்தியாசம் காட்டவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் எல்லாவற்றுக்கும் தின்னக் கிடைத்தால், அந்த வித்தியாசத்தைக் கற்க வேண்டிய தேவை ஏது? 2022இல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது: வளர்ப்பவர் பூனையிடம் பேசும் தொனியும் மனிதரிடம் பேசும் தொனியும் வேறு என்பதுகூடப் பூனைக்குத் தெரிகிறது. ஆக, ஓட்டின்மேல் இருக்கும் பூனை செவிடும் இல்லை, மந்தமும் இல்லை. கூப்பிடுவது நாம்தான், கூப்பிடுவது தன்னைத்தான் என்று அதற்குத் தெரியும். இறங்கி வந்தால் என்ன கிடைக்கும் என்பதில்தான் அதற்குச் சந்தேகம்.

அந்தச் சந்தேகம் எப்படித் தீரும் என்பதற்கான விடை 1898லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் எட்வர்ட் தார்ண்டைக் பசித்த பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்து, வெளியே உணவை வைத்தார். கயிற்றை இழுத்தாலோ கட்டையை அழுத்தினாலோ கதவு திறக்கும். முதலில் பூனை பெட்டி முழுக்கப் பிறாண்டி, தற்செயலாகக் கதவைத் திறந்தது. திரும்பத் திரும்ப அடைத்தபோது வீண் முயற்சிகள் உதிர்ந்து, திறக்கும் செயல் மட்டும் நின்றது. நல்ல பலன் தந்த செயல் நிலைக்கும், தராதது மறையும் என்ற விதியை அவர் பூனைகளிடமிருந்துதான் எடுத்தார். விலங்குகளைப் பழக்கும் முறைகள் பலவும் இதன்மேல் நிற்கின்றன. பூனையைப் பழக்கவே முடியாது என்று சொல்பவர்கள் இந்தக் கதையைக் கேட்டதில்லை போலும்.

இதை நம் வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது? ஏற்கெனவே திட்டித் திட்டிக் கெட்டுப்போன பெயராக இருந்தால், கூப்பிட ஒரு புதுச் சத்தத்தை எடுத்துக்கொள்வது நல்லது. ‘மீ மீ’ என்று மெல்லிய குரலோ, எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் இரண்டு தட்டோ, எதுவானாலும் சரி. வீட்டில் வேறு எதற்கும் அந்தச் சத்தம் வரக்கூடாது. சாப்பாட்டுக்கு முன், பூனை பசியோடு இருக்கும்போது, கைக்கெட்டும் தூரத்தில் ஆரம்பிக்க வேண்டும். சத்தம், பூனை திரும்பி ஓர் அடி வைத்ததும், அந்த நொடியே ஒரு துண்டு வேகவைத்த கோழி, பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். அந்த நொடியே என்பது முக்கியம். டப்பாவைத் தேடி எடுத்து மூடியைத் திறப்பதற்குள் பூனை உட்கார்ந்து முதுகை நக்க ஆரம்பித்திருக்கும். அப்போது கொடுத்தால் நக்கியதற்குக் கொடுத்ததாகிவிடும். ஐந்தாறு முறை போதும், சலிப்பதற்குள் நிறுத்திவிடலாம். அது பழகியபின் அடுத்த அறை, பிறகு தோட்டம், பிறகு தெரு என்று தூரத்தைக் கூட்டலாம். வேலூர் வெயிலில் மே மாத மத்தியானம் எந்தப் பூனையும் பாடம் படிக்காது. விடிகாலையும் அந்தி நேரமும்தான் அது சுறுசுறுப்பாக இருக்கும் பொழுது. ஒரு முறை கூப்பிட்டு வராவிட்டால் பத்து முறை கத்தக்கூடாது, அது வெறும் இரைச்சலாகப் பழகிவிடும். இன்னொன்று, கூப்பிட்டு வரவழைத்து மருந்து ஊட்டவோ குளிப்பாட்டவோ அறையில் அடைக்கவோ கூடாது. அதற்கெல்லாம் நாமே போய்த் தூக்கிக்கொள்ள வேண்டும். வந்ததற்காக ஒரு முறை வருந்திய பூனை மறுமுறை நன்றாக யோசிக்கும்.

தீனியிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பிஸ்கட், பன் இவற்றின் இனிப்பு பூனைக்குத் தெரியாது; இனிப்பை உணரவைக்கும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்துபோனது என்று 2005இல் கண்டறிந்தார்கள். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் வயிற்றைக் கலக்கும். கருவாடு என்றால் உயிரை விடும்தான், ஆனால் உப்பு போக ஊறவைத்துக் கழுவித் தர வேண்டும். ஆம்பூர் பிரியாணியில் மிஞ்சிய கறியை மட்டும் போடாதீர்கள்: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

இனி விலகி இருப்பது. ‘போ’ என்ற சொல் பூனைக்கு எதையும் கற்றுத் தருவதில்லை, ஏனென்றால் எங்கே போவது என்று அதில் இல்லை. எழுந்து நான்கு அடி தள்ளிப் போகும், அடுத்த நிமிஷம் திரும்பி வரும். அதன் கணக்கில் அது சொன்னதைச் செய்துவிட்டது. இதற்குப் பதில் ஓர் இடத்தைக் கொடுக்க வேண்டும். பூனைக்கு உயரம் பிடிக்கும், ஆள் கண்ணில் படுகிற இடமும் பிடிக்கும். வேலை செய்பவருக்கு அருகே ஒரு ஸ்டூலிலோ திண்ணை மேட்டிலோ பழைய புடவையை மடித்துப் போட்டு, அதன்மேல் ஒரு துண்டு கோழியை வைத்தால் ஏறும். நான்கு காலும் துணிமேல் பட்டதும் இன்னொரு துண்டு. பிறகு ‘உன் இடம்’ என்று சொல்லிவிட்டு, ஏறிய பின்தான் தருவது. பிறகு அங்கே ஒரு நிமிஷம் இருந்தால்தான் தருவது, பிறகு ஐந்து நிமிஷம். அப்பர் மேல் வந்து உட்கார்ந்தால் கத்தாமல், முகம் கொடுக்காமல், தூக்கி இறக்கிவிட்டால் போதும். கத்துவதும்கூடச் சில பூனைகளுக்கு விளையாட்டு. நகம் தீட்ட, பூனை முழுதாக நீண்டு நின்றாலும் எட்டாத உயரத்துக்கு ஆடாத ஒரு பலகையில் தேங்காய் நார்க்கயிறு சுற்றி வைக்கலாம். தோல் வட்டாரத்தில் கழிவுத் தோலுக்குப் பஞ்சமில்லை என்பதால் அதையே ஆணி அடித்துக் கொடுக்கத் தோன்றும். வேண்டாம். கழிவுத் தோலுக்கும் கம்பெனித் தோலுக்கும் பூனைக்கு வித்தியாசம் தெரியாது. தோல் என்றால் கீறலாம் என்றே கற்றுக்கொள்ளும்.

இடம் கொடுப்பதில் நமக்கும் பங்கு உண்டு. லண்டனில் ஒரு காப்பகத்தின் 100 பூனைகளை வைத்துச் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், பூனையை நாமாகப் போய்ப் பிடிக்காமல் அதுவே வரும்வரை காத்திருந்து, கன்னம், தாடை, காதடி இவற்றை மட்டும் தடவி, அதன் போக்கைக் கவனித்து நிறுத்தச் சொன்னார்கள். அப்படிச் செய்தபோது பூனைகள் சீறுவதும் கடிப்பதும் குறைந்தன, தாமாக நெருங்குவது கூடியது. நாம் விலகி நிற்கப் பழகினால் பூனை நெருங்கி வருகிறது என்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

இது லஞ்சம் கொடுப்பது ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தைத்துக் கொடுத்த ஜோடிக்குக் கம்பெனி தரும் பணத்தை யாரும் லஞ்சம் என்று சொல்வதில்லை. வேலை முடிந்தபின் கொடுப்பது கூலி. பழகியபின் தினமும் தீனி தர வேண்டியதும் இல்லை: சில நாள் தீனி, சில நாள் தடவல். 2017இல் அமெரிக்காவில் 50 பூனைகளிடம் உணவு, பொம்மை, வாசனை, மனிதத் துணை ஆகிய நான்கில் எதை நாடுகின்றன என்று பார்த்தபோது, உணவையே முந்திக்கொண்டு முதலில் வந்தது மனிதத் துணை. நன்றி இல்லை என்று எழுதிய தீர்ப்புக்கு இது ஒன்றே மறுப்பு.

இத்தனை பாடு எதற்கு, ஒரு அடி வைத்தால் அடங்கிப் போகாதா என்பது இன்னொரு கேள்வி. அடிக்குப் பூனை அடங்குவதில்லை, அடித்தவரை விட்டுத்தான் விலகுகிறது. ஆள் இல்லாத நேரம் அப்பர் மேல்தான் படுத்திருக்கும், சாயங்காலம் கூப்பிட்டால் வரவும் வராது. பயந்த பூனை கீறும், கடிக்கும். அப்படி நேர்ந்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை. எலி பிடிக்கும் குணம் போய்விடுமே என்பவர்கள் கவலைப்பட வேண்டாம், வேட்டை என்பது பூனைக்கு வெறும் பசி விவகாரம் இல்லை. ஆனால் இந்த முறைக்கும் எல்லை உண்டு. பிறந்து இரண்டு முதல் ஏழு வாரத்துக்குள் மனிதக் கை படாமல் வளர்ந்த பூனைக்கு வெகு காலம் பிடிக்கும். கருத்தடை செய்யாத கடுவன், பெட்டைப் பூனை தேடிப் போயிருக்கும் நாளில் டம்ளரை எத்தனை தட்டினாலும் திரும்பாது. அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி.

பழக்கத்தை நம்பி விட்டுவிடக்கூடாத ஒன்றும் இருக்கிறது: நூல். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த முட்கள் உண்டு; வாயில் சிக்கிய நூலை வெளியே துப்ப அவை விடாது. விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டால் குடல் சுருங்கி மடிந்து கிழிந்துபோகும். ஊசியும் சேர்ந்து போனால் கேட்கவே வேண்டாம். எழுந்து போகும்போதெல்லாம் ஊசி நூலை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், நறுக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.